ஐந்து ஏணைக்கு ஒரு தாலாட்டு

போன வருடம் ஆடித் திருவிழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது கோயில் கமிட்டியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மலேசியாவில் எங்கள் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆட்கள் ரவாங், கிள்ளான், ஷா ஆலம் என்று போய்விட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நடுவே அப்படியே நிற்கிறது. ஆடியில் எல்லாரும் அங்கே திரும்பி வருவார்கள். அன்று ராத்திரி மேடையில் தோட்டத்தைப் பற்றி ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு வேண்டும், நீ போட்டுக் கொடு என்றார்கள்.

நான் பகலில் செம்பனை ஆலையில் லாரி எடை போடுகிறேன். சனி ஞாயிறில் கல்யாணங்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன், சின்னச் சின்ன மெட்டுகள் கட்டுவேன். பாடகருக்கும் ஸ்டூடியோவுக்கும் கொடுக்கக் கமிட்டியிடம் காசு இல்லை. அதனால்தான் செயற்கை நுண்ணறிவைத் தொட்டேன். மூன்று மாதத்தில் அதனுடன் பட்டதை, என்னைப் போலச் சின்ன ஊரில் உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், வாயில் பழைய பெயர்தான் வருகிறது. மலேசியாவில் வியாபாரத்துக்கென்று செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இங்கே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். ஆனால் எங்கள் பாட்டியின் காலம் முழுக்க ரப்பர் காலம்.

முதலில் பாட்டு வரியில் இறங்கினேன். உரையாடும் செயலி ஒன்றிடம், விடியற்காலையில் பால் வெட்டப் போகும் பெண்ணைப் பற்றி நான்கு அடி கேட்டேன். பசு வந்தது, கன்று வந்தது, வெண்ணெய் வந்தது. தோட்டத்தில் பால் என்றால் ரப்பர் பால், மரத்தைக் கீறினால் மங்கில், அதாவது கட்டிவைத்த கிண்ணத்தில், சொட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை. விளக்கிய பிறகு பசுவை எடுத்துவிட்டது. ஆனாலும் மங்கு என்பதை ஒளி மங்குவதாக எடுத்துக்கொண்டது. பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் என்பதும் பிடிபடவில்லை. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் தோட்டத்துச் சொற்களை நாம் எழுதி வைத்தது கொஞ்சம்தான், எழுதாததை அது எங்கே போய்ப் படிக்கும்?

அப்புறம் அத்தையோடு உட்கார்ந்து ஒரு சொற்பட்டியல் எழுதினேன். நிரை, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், கிராணி, மண்டோர், ஆயாக் கொட்டகை என்று நாற்பது சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். எப்போது கேட்டாலும் முதலில் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பேன். இதற்குப் பலன் இருந்தது, நீங்களும் செய்து பாருங்கள். சந்தம் மட்டும் கடைசிவரை வரவில்லை. எழுத்தை எண்ணுகிறதே தவிர குறில் நெடில் கணக்கு அதற்குப் பிடிபடவில்லை. பாடிப் பார்த்தால் நீட்ட வேண்டிய இடத்தில் குறில் வந்து இடறும். வரிகளை நானே எழுதினேன். ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

மெட்டுக்கு, எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டாகப் பாடிக் கொடுக்கும் சேவை ஒன்றில் சேர்ந்தேன். ஒரே ராத்திரியில் முப்பத்திரண்டு பாட்டு வந்தது. ஒன்றுகூடக் கேட்க மோசமில்லை. மறுநாள் காலை மோட்டாரில் ஆலைக்குப் போகும்போது அதில் ஒன்றையாவது முணுமுணுக்கப் பார்த்தேன், ஒரு வரி மனதில் இல்லை. அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கணினியைத் திறக்கும் முன் என் தொண்டையில் என்ன வருகிறதோ அதைக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். ஒரு ராத்திரிக்கு மூன்று முயற்சிக்கு மேல் கேட்கக் கூடாது. மூன்றுதான் என்று தெரிந்தால், என்ன கேட்கப் போகிறோம் என்று நாமே முன்னால் யோசிப்போம்.

கணினியோடு சேர்ந்து இசை செய்வது இன்று நேற்று வந்ததில்லை என்பதை இந்த வேலையின்போதுதான் படித்தேன். நம் நாடு சுதந்திரம் பெற்ற அதே 1957இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லெனார்ட் ஐசக்சனும் இல்லியாக் என்ற கணினியை வைத்து நான்கு நரம்புக் கருவிகளுக்கு ஓர் இசைத் தொகுப்பை முடித்திருக்கிறார்கள். கணினி குருட்டாம்போக்கில் சுரங்களைக் கொட்டும், விதிக்கு ஒத்து வராததைத் தள்ளும். விதியைச் சொன்னதும், வந்ததில் எதை வைப்பது என்று முடிவு செய்ததும் மனிதர்கள். இப்போதைய இயந்திரத்துக்கு நாம் விதி சொல்லிக் கொடுப்பதில்லை, கேட்ட லட்சக்கணக்கான பாட்டுகளிலிருந்து அதுவே பிடித்துக்கொள்கிறது. நம் பாட்டு அந்தக் குவியலில் இல்லையென்றால் நம் விதியும் அதனிடம் இல்லை. இது எனக்கு உறைத்தது பாட்டியின் கேசட்டில்தான்.

பாட்டி தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். பால் வெட்டப் போகும் பெண்கள் விடியும் முன்னே குழந்தைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாக ஏணைகள், அதாவது துணித் தொட்டில்கள், தொங்கும். நான் பிறப்பதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 1986இல் என் தங்கை பிறந்தபோது, டவுனில் எங்கள் வீட்டில் தங்கையை ஆட்டிக்கொண்டே பாட்டி பாடிய தாலாட்டைச் சித்தப்பா ரேடியோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கேசட் புக்கிட் ரோத்தானில் அத்தை வீட்டு அலமாரியில் இருந்தது. திருவிழாப் பாட்டு இதிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். கேசட்டைக் கைப்பேசியில் பிடித்து, நேராக அந்தச் சேவையில் ஏற்றி, இதற்குப் பின்னணி போடு என்று கொடுத்துவிட்டேன். அதன் விதிமுறையைப் பிறகுதான் முழுக்கப் படித்தேன். ஏற்றுகிற ஒலியை அவர்கள் தங்கள் வேலைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. இலவசத் திட்டத்தில் செய்த பாட்டைக் காசுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருந்தது. பாட்டியின் குரலை நான் வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்காமல் கொடுத்துவிட்டேன். கணக்கை மூடினேன், கோப்பை அழிக்கச் சொல்லி எழுதினேன். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அதை நம்புவதைத் தவிர என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக் குரலை எங்கும் ஏற்றும் முன் விதிமுறையைப் படியுங்கள். புரியவில்லையென்றால் ஏற்றாதீர்கள்.

வந்த பாட்டை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். சுத்தமான தாளம், புல்லாங்குழல், பின்னால் வயலின்கள். கேட்டு முடித்து அத்தை சொன்னது இதுதான்: "என்னடா, எங்கம்மாவை மூச்சு வாங்கவே விடலையே."

திரும்பக் கேட்டேன். பாட்டி ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தம் ஒரே அளவில் இருக்காது. இயந்திரம் அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு, வரிகளை இழுத்துத் தாளத்தில் உட்கார வைத்து, இடைவெளியில் புல்லாங்குழலை ஊற்றிவிட்டது. நானும் அதுவரை அந்த நிறுத்தத்தை வயதான அம்மாவின் மூச்சு வாங்கல் என்றுதான் நினைத்திருந்தேன்.

சரி, முதலிலிருந்து செய்வோம் என்று உட்கார்ந்தேன். கேசட் வைத்திருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல வருடம் ஓடாத டேப்பை உடனே போடாமல், ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிக்கொள்ளுங்கள். டெக்கின் தலையைச் சுத்தமான ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். சுருக்காத கோப்பாக ஒரே தடவையில் பதிவு செய்து, அந்த மூலத்தைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். வேகமும் முக்கியம். பழைய ரேடியோக்கள் சரியான வேகத்தில் ஓடுவதில்லை, சுருதி மாறிவிடும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தில் செருகிப் பதிவு செய்திருந்தால் அந்த ரீங்காரமும் டேப்பில் மெல்லியதாக விழுந்திருக்கும். எனக்கு அது 52இல் நின்றது. அதாவது டேப் வேகமாக ஓடுகிறது, பாட்டியின் குரல் அரைச் சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஏறிக் கேட்கிறது. வேகத்தை இறக்கியதும் அத்தை, "இதுதான் அம்மா குரல்" என்றார். தோட்டத்து ஜெனரேட்டரில் பதிவு செய்த கேசட் என்றால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

அப்புறம் குரலைப் பிரிக்கும் வேலை. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் கடைசிப் பாட்டு வந்தது நினைவிருக்கலாம். அந்தக் குழுவின் பாடகர் ஜான் லெனன் 1970களின் பிற்பாதியில் வீட்டில் கேசட்டில் பாடி வைத்தது. பியானோவோடு குரல் ஒட்டிக்கொண்டிருந்ததால் 1990களில் முயன்று கைவிட்டதை, இயந்திரக் கற்றல் வந்து குரலைத் தனியே எடுத்துக் கொடுத்தது. அதே வகை வேலையை டெமக்ஸ் என்ற இலவச மென்பொருள் நம் வீட்டுக் கணினியிலேயே செய்கிறது. எங்கும் ஏற்ற வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

டெமக்ஸ் ஒலியை நான்காகப் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. மேடைப் பாட்டுக்கு இது சரி, தாலாட்டுக்கு யோசிக்க வேண்டும். சொல்லோடு பாடியது குரலில் வந்தது. வாயை மூடிக்கொண்டு பாட்டி இழுத்த முனகல் பாதி "மற்றவை"யில் போய் விழுந்தது, ஏதோ வாத்தியம் என்று நினைத்துவிட்டது போல. ஏணைக் கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தமும் அங்கேதான் கிடந்தது. நான் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டேன். நாலைந்து நாள் கழித்துத்தான் தள்ளியதைக் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் அன்றே கேளுங்கள்.

குரலை மட்டும் திரையில் போட்டுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவே சுமார் இரண்டு விநாடி இடைவெளி. ஐந்தாவது வரிக்குப் பிறகு மட்டும் ஆறேழு விநாடி. மறுபடி ஐந்து வரி, மறுபடி நீளம். நான்கு நிமிடமும் இப்படித்தான். மூச்சு வாங்குகிறவர் ஐந்து ஐந்தாக எண்ணியா வாங்குவார்?

கொட்டகையில் பாட்டிக்கு உதவியாக இருந்த ஒரு பாட்டி இப்போது ஈஜோக்கில் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. நாங்கள் சின்னாயா என்போம். கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டு சுற்றுக் கேட்டார்.

"ஒங்க பாட்டி நடக்குறா சாமி," என்றார்.

"நடக்குறாங்களா? வீட்டுல உக்காந்துதானே பாடினாங்க சின்னாயா, தங்கச்சி ஒருத்திதானே ஏணையில?"

"அது வீட்டுல. கொட்டகையில அவ பக்கத்துக்கு அஞ்சு ஏணை. ஒண்ணை ஆட்டிவிட்டு ஒரு வரி, அடுத்ததுக்கு நடந்து போயி ஒரு வரி. கடைசி ஏணை ஆனதும் திரும்பி மொதல் ஏணைக்கு வரணுமே, அதுக்கு நேரம் ஆகாதா? பழகிப் போச்சு, உக்காந்து பாடினாலும் அப்படித்தான் வரும்."

அன்று வீட்டுக்கு வந்து, தள்ளி வைத்திருந்த கயிற்றுச் சத்தத்தைத் தேடி எடுத்துக் குரலோடு திரும்பச் சேர்த்தேன். பாட்டி நிறுத்துகிற இடத்திலும் கயிறு ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த இடைவெளி காலியாக இருந்ததே இல்லை. கயிற்றை எடுத்துவிட்ட பிறகுதான் எனக்கு அது காலியாகக் கேட்டது. குரலைச் சுத்தம் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. இரைச்சல் என்று இயந்திரம் ஒதுக்குவதை, அங்கே இருந்த ஒரு மனிதரிடம் போட்டுக் காட்டாமல் எறியாதீர்கள்.

இயந்திரம் எனக்கு நல்லது செய்த இடமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மெட்டை சுரமாக எழுத, ஸ்பாட்டிஃபை வெளியிட்ட பேசிக் பிட்ச் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினேன். வளைவுகளை அது ஓரளவு பிடிக்கிறது, ஆனால் பாட்டி கையாட்டத்தோடு இழுக்கும் அசைவை இரண்டு மூன்று சுரமாக வெட்டிவிடும். அதைக் கையால் திருத்தினேன். மெட்டு ச, ரி, க, ப என்ற நான்கு சுரத்துக்குள் நிற்கிறது. நான்கு வரி ரிஷபத்தில் தொங்கும், ஐந்தாவதுதான் சட்ஜத்துக்கு இறங்கும். கல்யாண மேடைப் பழக்கத்தில் நான் ஒவ்வொரு வரிக்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போட்டு சட்ஜத்தில் முடித்துவைத்தேன். திருத்திய மெட்டை ஒரு கருவியிடம் கொடுத்து, கீழே என்ன வைக்கலாம் என்று மூன்று யோசனை கேட்டேன். இரண்டு சாதாரணம். மூன்றாவதில் நான்கு வரிக்கும் பஞ்சமத்தை மட்டும் அடியில் அசையாமல் பிடித்து, ஐந்தாவது வரியில்தான் சட்ஜத்துக்கு வந்தது. ஐந்து ஏணைக் கதை அப்போது எனக்கே தெரியாது. இருந்தும் அதைக் கேட்டதும் என்னுடையதை அழித்துவிட்டேன். அது சொன்னது சரியாக இருந்தது.

பாட்டுக்கு இன்னும் இரண்டு சரணம் வேண்டியிருந்தது. இப்போது குரலை நகலெடுத்து, பாடாததைப் பாட வைக்க முடியும். 2024இல் ஏ.ஆர். ரஹ்மான், காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலை "லால் சலாம்" படத்தில் இப்படிப் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, அதற்குரிய பணமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் யுவன் சங்கர் ராஜா தன் அக்கா பவதாரிணியின் குரலை ஒரு பாட்டில் கொண்டுவந்தார். நானும் அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா பாடாததை அம்மா பாடினான்னு வைக்காதே" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. இரண்டு சரணத்தையும் என் தங்கை பாடினாள், அந்த ஏணையில் கிடந்தவள்.

தாளத்துக்கு உறுமி. இயந்திரத்திடம் உறுமி என்று கேட்டபோது ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஆப்பிரிக்க முழவின் சத்தத்தைத்தான் கொடுத்தது. வளைந்த குச்சியால் தோலை இழுத்து உரசும்போது வரும் அந்த முனகல் அதற்கு வரவே இல்லை. நம் ஊரில் உறுமி மேளத்துக்குப் பஞ்சமா? பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) ஒரு தம்பி வாசிக்கிறான், இருபத்திரண்டு வயது. பாட்டியின் பதிவைக் கேட்டுவிட்டு, "அண்ணே, தாளம் காட்டுற மெட்ரோனோம் வேணாம். பாட்டி எங்க நடக்குறாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும், நான் கூட நடக்குறேன்" என்றான். குரல் வரும்போது சும்மா இருந்தான். நிறுத்தத்தில் கயிற்றுச் சத்தத்தோடு சேர்த்து உரசினான். கயிற்றின் உரசலும் உறுமியின் உரசலும் எங்கே ஒன்றாகின்றன என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீளமான இடைவெளியில் மட்டும் நான்கு அடி வைத்தான், பாட்டி திரும்பி நடந்து வருகிற மாதிரி.

கணினிப் பதிவோடு நேரடியாக வாசிக்கப் போகிறவர்களுக்கு: தாளக் கட்டம் இல்லாத குரலோடு வாசிக்க, ஸ்பீக்கர் வாசிக்கிறவரின் காதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், எதிரில் தள்ளி இருந்தால் எப்போதும் கொஞ்சம் பிந்தும். கார் நிறுத்தும் இடத்தில் நான்கு முறை ஒத்திகை பார்த்தோம். மூன்றாவது முறைதான் இருவரும் எண்ணுவதை நிறுத்தினோம்.

யார் பெயர் போடுவது என்ற கேள்வியும் வந்தது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், இயந்திரத்துக்குக் கட்டளை எழுதிக் கொடுப்பது மட்டும் ஒருவரைப் படைப்பாளியாக்காது, மனிதன் தானே செய்த பகுதிக்குத்தான் உரிமை என்று சொல்லியிருக்கிறது. இங்கே 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்தான் நடப்பில் இருக்கிறது, படைப்பாளியின் ஆயுளும் அதற்கு மேல் 50 வருடமும் பாதுகாப்பு. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, எது நான் எழுதியது, எது கருவி கொடுத்தது, எதை எப்படி மாற்றினேன் என்று குறித்து வைத்தேன். என் கைப்பதிவுகளையும் அழிக்கவில்லை. மேடையில் அறிவிக்கும்போது மெட்டு பாட்டியுடையது என்றும், சரண வரிகள் என்னுடையவை என்றும், குரலைப் பிரித்துக் கொடுத்ததும் அடியில் பஞ்சமத்தை வைக்கச் சொன்னதும் கணினி என்றும் சொல்லச் சொன்னேன். அறிவிப்பாளர் அப்படியே படித்தார்.

அன்று மழை தூறியது. மேடைக்கு மேல் தகரம் போட்டிருந்ததால் முதல் வரி பலருக்குக் கேட்டிருக்காது. இரண்டாவது வரியிலிருந்து கூட்டம் அமைதியாகிவிட்டது. சின்னாயாவை மகள் காரில் அழைத்து வந்திருந்தார். நான் கீபோர்டில் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை போன் செய்தார். பாட்டு நல்லா இருந்தது, ஆனால் எனக்கு அது வேண்டாம், அம்மா குரலும் கயிறும் மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடு என்றார். போட்டுக் கொடுத்தேன். வேகம் மட்டும் திருத்தியது, வேறு எதையும் தொடவில்லை. கடைசியில் பாட்டி இருமிவிட்டு, "தூங்கிட்டா, நிறுத்து" என்று சித்தப்பாவிடம் சொல்கிற இடமும் அதில் இருக்கிறது.